கங்கைக் கரையில் உத்தர்பாரா

ஹவுராவில் மின்தொடர்வண்டி ஏறி லிலுவா, பேலூர், பாலி ஆகிய நிலையங்களைக் கடந்தால் உத்தர்பாரா வந்துவிடும். வங்க மொழியில் இப்பெயருக்கு 'வடக்குக் குடியிருப்பு' என்று பொருள். பாலி என்னும் பழைய ஊரின் வடபகுதியாக இருந்தமையால் வந்த பெயர் இது. இன்று இரண்டையும் ஒரு கால்வாய் பிரிக்கிறது.

ஊரின் முகம் ஆற்றை நோக்கியே அமைந்துள்ளது. ஹூக்ளி என்று நிலப்படம் குறிக்கும் ஆற்றை இங்குள்ளோர் கங்கை என்றே அழைக்கின்றனர். படித்துறையில் நின்று தெற்கே நோக்கினால், தட்சிணேஸ்வரத்துக்குச் செல்லும் பாலிப் பாலம் தெரியும்.

நாம் இங்கு வந்தது நூலகத்தைக் காண்பதற்காக. உயர்ந்த தூண்கள் தாங்கும் இரண்டடுக்குக் கட்டடம் அது. ஜமீன்தார் ஜெயகிருஷ்ண முகர்ஜி 1859-இல் தம் பொருளைச் செலவிட்டு இதனை நிறுவி, கட்டணமின்றி எவரும் படிக்கத் திறந்துவிட்டார். முதுமையில் அவர் பார்வையை இழந்தார். 1886-இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் தாதாபாய் நௌரோஜியைத் தலைவராக முன்மொழிந்தவர் இப்பெரியவரே.

கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் 1873-இல், நோயும் கடனும் ஒருசேர வருத்திய இறுதி நாள்களில், குடும்பத்துடன் இந்நூலக மாடியில் சில வாரங்கள் தங்கினார். இளமையில் சென்னையில் ஆசிரியராகவும் இதழாளராகவும் எட்டாண்டுகள் வாழ்ந்தவர் அவர். வரவறியாது செலவிட்டவர் என்பதை, வங்கிப் பணியில் இருக்கும் நாம் சொல்லாமல் விட முடியவில்லை. அவ்வாண்டு ஜூன் 29 அன்று கல்கத்தாவில் மறைந்தார்.

சிறையிலிருந்து விடுதலை பெற்ற அரவிந்தர், 1909 மே 30 அன்று புகழ்பெற்ற சொற்பொழிவை நிகழ்த்தியதும் உத்தர்பாராவில்தான். ஓராண்டு நிறைவதற்குள் அவர் புதுச்சேரி சேர்ந்துவிட்டார்.

ஊருக்குச் சற்று வடக்கே இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை. அதன் பெயரால் ஒரு ரயில் நிலையமே உண்டு. கார் என்றாலே அம்பாசடர் என்றிருந்த காலம் மூத்த வாடிக்கையாளர்களுக்கு நினைவிருக்கும். 2014 மே மாதத்தில் அங்கு உற்பத்தி நின்றது. அதை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் துயரம் சிறிதன்று.

ஜமீன்தாரி முறையும் 1950-களிலேயே ஒழிந்தது. ஆற்றங்கரையின் பழைய மாளிகைகள் சில அடுக்குமாடிகளாக மாறிவிட்டன. அந்நிலத்தின் இன்றைய விலையை மதிப்பிடுவது எமக்குப் பழகிய தொழில். ஜெயகிருஷ்ணரின் சொத்துகளில் அவர் பிறருக்கென விட்டுச்சென்ற இந்நூலகத்துக்கு மட்டும் விலை கூற எம்மால் இயலவில்லை. இப்போது அரசின் பொறுப்பில் இருக்கிறது. ஆற்றங்கரை ஈரத்தில் பழந்தாள்களைக் காப்பது ஓயாத வேலை.

நாம் சென்ற பிற்பகலில் வாசிப்பறையில் இளைஞர் சிலர் அமர்ந்திருந்தனர். ஒருவர் கையில் இருந்தது வங்கித் தேர்வுக்கான வழிகாட்டி. அவரிடம் பேச நினைத்தோம். ஆயினும் அவர் தலை நிமிரவில்லை.