குளத்தருகே ஒரு துணை

பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவரை நாம் அறிவோம். குளம் பக்கத்திலேயே இருந்தது. இறக்கிவிடத்தான் ஆள் இல்லை.

நம் பங்கிலும் மாற்றுத்திறனாளியான மகனையோ மகளையோ தள்ளாத வயதிலும் பேணிவரும் பெற்றோர் உண்டு. "எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்?" என்பதே அவர்கள் கவலை. சட்டம் திறந்து வைத்துள்ள சில வழிகளை நாம் அறிந்துகொள்வோம்.

முதலாவது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாது என்று சான்று பெற்றவர்களுக்கு, அரசு வீட்டுவசதித் திட்டங்களில் 5 விழுக்காடு ஒதுக்கீட்டை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை உண்டு.

இரண்டாவது, பாதுகாவலர். பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் பெற்றோரின் கையெழுத்து மட்டும் எல்லா இடத்திலும் செல்லாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழு பாதுகாவலரை நியமிக்கிறது.

மூன்றாவது, குடும்ப ஓய்வூதியம். மத்திய அரசு ஊழியரின் பிள்ளை குறைபாட்டால் தாமே சம்பாதிக்க இயலாதவரானால், 25 வயதைக் கடந்தும் வாழ்நாள் முழுவதும் அதைப் பெறலாம். பெற்றோர் இருக்கும்போதே பெயரைப் பதிந்துவைப்பது நல்லது.

இவற்றைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம், இவை உரிமைகள். ஆனால் படிவமும் வரிசையும் முதியவர்களைக் களைப்படையச் செய்கின்றன. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வரை அவர்களோடு நடக்க, இந்த வாரம் நம்மில் ஒருவர் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குவோமா?