ஈழத்து ஓவியமும் சமுதாய மாற்றமும்

ஒரு நாட்டின் ஆட்சி வரலாற்றை அரசாணைகளிற் படிக்கலாம். அந்நாட்டு மக்கள் தம்மை யாரெனக் கருதினர் என்பதை அறிய அவர்தம் கலையையே நாடுதல் வேண்டும். இதற்குக் கொழும்பு நகரம் தக்க சான்றாகும்.

கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு கொழும்பிலே தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். 1908இல் அவர் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூல் கண்டி நாட்டுக் கைவினைஞரின் வாழ்வை ஆராய்கின்றது. அரசனுக்கும் விகாரைக்கும் செய்த பணிக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தவர் அவர். 1815இல் கண்டியரசு வீழ்ந்ததும் ஆதரிப்போர் அருகினர். பிறநாட்டு ஆலைப்பொருள்களும் வந்து குவிந்தன. கைத்திறன் குன்றியதனாலன்று, அதனைத் தாங்கிய சமுதாய அமைப்புக் குலைந்தமையாலேயே கலை நலிந்தது என்பது அவர் காட்டிய உண்மை. 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றிய அவர், கீழைத்தேயக் கலையின் உட்பொருளை மேனாட்டார்க்கு விளக்கினார்.

நலிந்த மரபு பின்னர்ப் புதுவடிவிலே தளிர்த்தது. அக்காலக் கொழும்பு ஓவியர் பலர் ஆங்கிலேயரின் பழைய வரைமுறையையே பின்பற்றினர். அதில் நிறைவு காணாதோர், லயனல் வென்ட் என்பாரின் முயற்சியால், 1943இல் ‘நாற்பத்து மூன்று குழு’வாகத் திரண்டனர். அவருள் மஞ்சுசிறி என்பார் விகாரைச் சுவரோவியங்களைப் படியெடுத்துக் காத்தார். யோர்ச் கீற் என்பாரோ, குழு தோன்றுமுன்னரே பொறளைக் கோதமி விகாரையிற் புத்தர் வரலாற்றைத் தீட்டியிருந்தார். ஐரோப்பியப் புத்தோவியமும் கீழைத்தேய மரபும் அவர் கலையிற் கலந்தன. பறங்கியர் குலத்திற் பிறந்த அவர் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்திற் பெயர்த்ததோடு, கண்ணனையும் இராதையையும் வரைந்தார்.

தமிழர் மைந்தர் சிங்களக் கைவினையை ஆராய்ந்தார். பறங்கியர் மைந்தர் பௌத்த விகாரையை அணிசெய்தார். மரபு பிறப்பினால் மட்டும் உரிமையாவதன்று. கற்றுப் பேணுவோர்க்கும் உரித்தாகும். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியபின் மொழி இனங்களிடையே மதிலாயிற்று. எனினும், அவ்வோவியங்கள் அம்மதிலுக்கு முந்திய ஒரு நெருக்கத்துக்குச் சான்று பகர்கின்றன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் மாணவர்க்குப் பொறளை தொலைவன்று. கோதமி விகாரைச் சுவர்களை ஒருமுறையேனும் கண்டு வருதல் அவர்க்குப் பெரும்பயன் தரும்.