பலகை இல்லாத கூட்டம்: சாந்தோமிலிருந்து ஏ.ஏ.வுக்கு வழி

டாஸ்மாக் கடைக்கு யாரும் வழி கேட்பதில்லை. மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்தும் கடை எங்கே இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். குடியை விட நினைப்பவர்கள் கூடும் இடம்தான் தெரிவதில்லை. ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏ.ஏ., தன் உறுப்பினர் யார் என்று ஊருக்குச் சொல்லாது. பத்திரிகையில் அவர்கள் படம் வராது, விளம்பரமும் பெரிதாக இருக்காது. உள்ளே இருப்பவருக்கு அது பாதுகாப்பு. முதல்முறை தேடுபவருக்குத் தலைவலி.

சென்னை சாந்தோம்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. பசிலிக்காவில் ஞாயிறு பூசைக்கு வந்தவரையே மறுநாள் லூப் ரோட்டில் மீன் வாங்கும்போதும் பார்க்க நேரும். நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் கேட்கவே வேண்டாம், எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். ‘யாராவது பார்த்துட்டா?’ என்பதுதான் முதல் பயம். கடை வாசலில் கூட்டத்தோடு நிற்கும்போது வராத கூச்சம் இங்கே மட்டும் ஏன் வருகிறதோ! எப்படியோ, சொந்தப் பேட்டையிலேயே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அடையாறிலோ தி. நகரிலோ நடக்கும் கூட்டத்துக்குப் போகலாம். கூச்சம் தெளிந்தபின் வீட்டுப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. ஊர்வாரியாகக் குழுக்களின் விவரம் அங்கே கிடைக்கும். கையில் கிடைத்த பழைய பட்டியலை நம்பிக் கிளம்பிவிடக் கூடாது. பள்ளி வகுப்பறையோ தேவாலய வளாகத்து அறையோ, கிடைத்த இடத்தில் நடப்பவை இவை. இடமும் நேரமும் மாறும். போன் போட்டு, கூட்டம் தமிழிலா ஆங்கிலத்திலா என்று கேளுங்கள். ‘ஓப்பன் மீட்டிங்’கா என்றும் கேளுங்கள். ஓப்பன் என்றால் வீட்டார், நண்பர் யாரும் கூட வரலாம். ‘க்ளோஸ்டு’ குடிப்பிரச்சினை உள்ளவருக்கு மட்டும். தேவாலய வளாகத்தில் நடப்பதால் அது சபையின் வேலை என்று நினைக்க வேண்டாம். எந்த மதத்தோடும் கட்சியோடும் ஏ.ஏ.வுக்குத் தொடர்பில்லை.

உள்ளே போனால் பெயர் எழுத நோட்டுப் புத்தகம் நீட்ட மாட்டார்கள். சந்தா கிடையாது, கடைசியில் ஒரு பை சுற்றி வரும், போடலாம், போடாமலும் இருக்கலாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராவதற்கான தகுதி. ஒருவர் எழுந்து முதல் பெயரை மட்டும் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார். அடகுக்கடைக்குப் போன தாலிச் செயினையும் பாதியில் விட்ட வேலையையும் பற்றிப் பேசுவார். யாரும் குறுக்கே புத்தி சொல்ல மாட்டார்கள். புதிதாக வந்தவர் வாயே திறக்காமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். ‘இன்னைக்கு மட்டும் குடிக்கல’ என்பதுதான் அங்கே கணக்கு. அன்று குடித்துவிட்டு வந்தவரையும் பொதுவாக விரட்டுவதில்லை, கேட்க மட்டும் சொல்வார்கள்.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் சந்தித்ததில் பிறந்த முறை இது. 1957-ல் டெல்லி வழியாக இந்தியா வந்தது. வெறும் பேச்சு எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: 2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை அலசியது. குடிக்காமல் தொடர்ந்து இருக்கவைப்பதில் ஏ.ஏ. வழிமுறை மற்ற சிகிச்சைகளுக்கு நிகர், சிலவற்றில் மேல் என்று அது கண்டது.

ஆனால் தினமும் நிறையக் குடித்தவர் வைராக்கியத்தில் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாளிலேயே வலிப்பு வரலாம்; அடுத்து மனக்குழப்பம், இல்லாததைப் பார்ப்பது என்று போய் உயிருக்கே உலை வைக்கலாம். அதற்குக் கூட்டம் போதாது, டாக்டர் வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. சாந்தோமுக்குப் பக்கம் என்றால், திரு.வி.க. பாலம் தாண்டி அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை. கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவின் ஹேசல்டன் குடிநோய்ச் சிகிச்சை மையத்தில் பயிற்சி பெற்று வந்து 1980-ல் தொடங்கிய பணி அது. குடிப்பவரோடு குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பேன். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் தொடங்கலாம். 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது.

கூட்ட நேரம் பெரும்பாலும் மாலை. அலுவலகம் போகிறவருக்குச் சரி. விடியுமுன் படகு தள்ளுகிறவருக்கு அந்நேரம் தூக்கம் கண்ணைச் சுழற்றும். குப்பத்துக்கென்று பகல் கூட்டம் ஒன்று அவசியம் வேண்டும். குடிப்பழக்கம் உள்ள பெண்களுக்கோ, ஆண்கள் நிறைந்த அறைக்குள் நுழைவதே பெரும்பாடு. பெண்கள் மட்டும் கூடும் கூட்டம் உண்டா என்று போனிலேயே விசாரிப்பது நல்லது.

குடிப்பவர் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறாரா? மனைவியோ அம்மாவோ தனியாகப் போகலாம். குடிநோயாளியின் வீட்டாருக்காக 1951-ல் உருவானது அல்-அனான். வீட்டில் குடிப்பவர் நிறுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. அவருக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை.