ரெசிடென்சி முடிந்த பிறகு அமெரிக்காவில் தங்க என்ன வழி?

அமெரிக்க மருத்துவமனைகளில் ரெசிடென்சி பயிற்சி பெரும்பாலும் ஜூன் 30 அன்று முடியும். ஜே-1 விசாவில் இருக்கும் வெளிநாட்டு டாக்டருக்கு அதன் பிறகு 30 நாள்தான் கெடு. அதற்குள் வேறு விசாவுக்கான ஏற்பாடு ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து, யு.எஸ்.எம்.எல்.இ. எழுதி அங்கே போகிறவர்கள் தேர்வைப் பற்றியும், ரெசிடென்சி இடம் ஒதுக்கும் மேட்ச் முடிவைப் பற்றியும் பத்துப் பேரிடம் விசாரிக்கிறார்கள். இந்தக் கெடுவைப் பற்றி அந்த அளவுக்கு விசாரிப்பதில்லை. அவசியம் விசாரிக்க வேண்டும். பயிற்சிக்குப் பிறகு எங்கே, எப்படித் தங்கலாம் என்பதில் பாதி, பயிற்சிக்கு எந்த விசாவில் போகிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

ஜே-1, எச்-1பி: எது எதற்கு?

ரெசிடென்சிக்குப் போகும் வெளிநாட்டு டாக்டர்களுக்கு முக்கியமாக இரண்டு விசாக்கள். ஒன்று ஜே-1. இதற்கு மருத்துவமனை மனுப் போடுவதில்லை, இ.சி.எஃப்.எம்.ஜி. என்ற அமைப்பு பொறுப்பேற்கிறது. ரெசிடென்சி, அதற்குப் பிறகான சிறப்புப் பயிற்சியான ஃபெலோஷிப் எல்லாம் சேர்த்துப் பொதுவாக அதிகபட்சம் 7 ஆண்டுகள். இன்னொன்று எச்-1பி. இதற்கு மருத்துவமனையே மனுப் போட வேண்டும். அதற்கு முன்பே யு.எஸ்.எம்.எல்.இ. மூன்றாம் கட்டத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். பொதுவான வரம்பு 6 ஆண்டுகள். எல்லா மருத்துவமனைகளும் எச்-1பி தருவதில்லை என்பதால், பெரும்பாலானவர்களுக்கு ஜே-1தான் கிடைக்கிறது.

ஜே-1 எளிதாகக் கிடைக்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு வரும். பயிற்சி முடிந்ததும் சொந்த நாட்டில் மொத்தம் 2 ஆண்டுகள் இருந்தாக வேண்டும். அதுவரை எச்-1பி கிடையாது, கிரீன் கார்டும் கிடையாது. துபாயிலோ லண்டனிலோ இரண்டு ஆண்டு வேலை பார்த்தால் கணக்கில் வராது. ஜே-1 வாங்கும்போதே இந்திய அரசின் சுகாதார அமைச்சகத்திடம் ஒரு கடிதம் வாங்குகிறோமே, அதற்காக ‘திரும்பி வருவேன்’ என்று எழுதிக் கொடுப்பது ஒப்புக்குச் செய்யும் சடங்கு அல்ல. மற்ற ஜே-1 விசாக்காரர்கள் சொந்த அரசிடம் ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு கடிதம் வாங்கி இந்த நிபந்தனையிலிருந்து விடுபட முயலலாம். பயிற்சி டாக்டர்களுக்குச் சட்டம் அந்த வழியை அடைத்து வைத்திருக்கிறது.

வேவர்: விலக்குக்கு மூன்று வழிகள்

இந்த நிபந்தனையிலிருந்து பெறும் விலக்கைத்தான் டாக்டர்கள் வேவர் என்கிறார்கள். அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்கும் கணவன், மனைவி அல்லது பிள்ளைக்கு அளவுக்கு மீறிய கஷ்டம் வரும் என்று நிரூபிப்பது ஒரு வழி. பிரிந்திருக்கும் வருத்தம் மட்டும் இதற்குப் போதாது. சொந்த நாடு திரும்பினால் இனம், மதம், அரசியல் கருத்து காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று காட்டுவது இன்னொரு வழி. இரண்டும் வெகு சிலருக்கே பொருந்தும்.

பெரும்பாலானவர்கள் போவது மூன்றாவது வழியில்: டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊரில் 3 ஆண்டுகள் முழுநேரம் வேலை பார்க்கச் சம்மதித்து, ஓர் அரசு அமைப்பின் பரிந்துரையைப் பெறுவது. இதில் புகழ்பெற்றது கான்ராட் 30 திட்டம். வடக்கு டகோட்டாவின் செனட்டர் கென்ட் கான்ராட் முயற்சியால் 1994-ல் வந்தது. ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 டாக்டர்களுக்குப் பரிந்துரை செய்யலாம். அதில் 10 இடங்கள் வரை, பற்றாக்குறைப் பகுதிக்கு வெளியே இருந்தாலும் அப்பகுதி நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகளுக்குத் தரலாம். இதில் வருபவர்கள், எச்-1பி யாருக்கு என்று ஆண்டுதோறும் முடிவு செய்யும் குலுக்கலில் சேர வேண்டியதில்லை. இது நிரந்தரச் சட்டம் அல்ல; அமெரிக்க நாடாளுமன்றம் அவ்வப்போது நீட்டித்துத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் விண்ணப்பிக்கும் ஆண்டில் திட்டம் அமலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த 30 இடங்களில் ஒன்று கிடைக்கவில்லை என்றால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். அப்பலேச்சிய மலைப்பகுதிக்கும் மிசிசிப்பி டெல்டா பகுதிக்கும் தனித்தனி ஆணையங்கள் இருக்கின்றன. குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், மனநலம் போன்ற துறைகளுக்கு மத்திய சுகாதாரத் துறையும், முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் சேர்பவர்களுக்கு அவற்றை நடத்தும் துறையும் பரிந்துரை செய்கின்றன. இவற்றுக்கு 30 என்ற வரம்பு கிடையாது.

எப்போது தொடங்க வேண்டும்?

2028 ஜூனில் இன்டர்னல் மெடிசின் முடிக்கும் ஒரு டாக்டரை எடுத்துக்கொள்வோம். அவர் வேலை தேடத் தொடங்க வேண்டியது 2026 இறுதியில். 2027 கோடைக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்தாக வேண்டும். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று பிறக்கிறது. அதையொட்டிப் பல மாநிலங்கள் புதிய விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கும். டெக்சாஸ், நியூயார்க் போன்ற பெரிய மாநிலங்களில் போட்டி கடுமை. மக்கள்தொகை குறைந்த மாநிலங்களில் இடம் மிஞ்சுவதும் உண்டு. மாநிலம் பரிந்துரைத்த பிறகு கோப்பு வெளியுறவுத் துறைக்குப் போய், அங்கிருந்து குடியேற்றத் துறைக்குப் போகும். அதற்கும் மேல் எச்-1பி மனு. ஒவ்வொரு கட்டமும் மாதக்கணக்கில் இழுக்கும். கடைசி ஆண்டின் ஜனவரியில் விழித்துக்கொண்டால் மிகவும் தாமதம்.

ஃபெலோஷிப் ஆசை உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேவருக்கான பரிந்துரை வெளியுறவுத் துறையிலிருந்து போய்விட்டால், அதன் பிறகு ஜே-1 விசாவை நீட்டிக்க முடியாது. ஃபெலோஷிப்பை முடித்துவிட்டு வேவருக்குப் போவதா, நேரே வேலைக்குப் போவதா என்பதை முதலிலேயே முடிவுசெய்துவிட வேண்டும்.

ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள்

மூன்று ஆண்டும் ஒரு டாக்டரின் வாழ்க்கை அந்த ஒப்பந்தத்தில்தான் தொங்குகிறது. எந்த முகவரியில் வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நோயாளிகளைப் பார்ப்பது, இரவு அழைப்புகள் எத்தனை, இடையில் விலகினால் எவ்வளவு நஷ்டஈடு, காரணம் சொல்லாமல் மருத்துவமனை நீக்க முடியுமா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். மருத்துவமனை மூடப்படுவது போன்ற அசாதாரணச் சூழலில்தான் இடையில் வேறு இடத்துக்கு மாற அனுமதி கிடைக்கும். அனுமதியின்றி விலகினால் இரண்டு ஆண்டு நிபந்தனை திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். விசா பயத்தில், கிடைத்த தாளில் கையெழுத்துப் போடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

எச்-1பி-யில் பயிற்சி பெற்றவர்களுக்கு

இவர்களுக்கு இரண்டு ஆண்டு நிபந்தனை இல்லை, வேவரும் தேவையில்லை. ஆனால் 6 ஆண்டில் ரெசிடென்சியே குறைந்தது 3 ஆண்டை எடுத்துக்கொள்ளும். 3 ஆண்டு ஃபெலோஷிப்பும் சேர்ந்தால் கணக்கு தீர்ந்தது. பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த லாப நோக்கமற்ற மருத்துவமனைகளும் குலுக்கலுக்கு வெளியே மனுப் போடலாம். தனியார் கிளினிக்குக்கு மாற வேண்டுமென்றால் மார்ச் மாதக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும்.

2025 செப்டம்பரில் வந்த அதிபர் ஆணை, புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. நாட்டுக்குள் இருந்தபடியே விசா நிலையை மாற்றிக்கொள்பவர்களுக்கு அது பொருந்தாது என்று குடியேற்றத் துறை பின்னர் விளக்கியது. ஆகவே, மனு நிலுவையில் இருக்கும்போது ஊருக்கு வரத் துடிப்பவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் விமானம் ஏறக் கூடாது.

கிரீன் கார்டு: இந்தியர்களுக்கு நீண்ட வரிசை

வேவர் வாங்கினால் கிரீன் கார்டும் வந்துவிடும் என்று பல குடும்பங்கள் நம்புகின்றன. அப்படி இல்லை. மூன்று ஆண்டு சேவை முடியாமல் அது கிடைக்காது. பற்றாக்குறைப் பகுதியில் மொத்தம் 5 ஆண்டு வேலை பார்க்கும் டாக்டர்களுக்குத் தேச நலன் என்ற அடிப்படையில் தனிப் பிரிவு உண்டு; வேவருக்காகச் செய்த 3 ஆண்டையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எந்த நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பால், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்தப் பிரிவில் வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது. வரிசையில் நம் இடம், பொதுவாக முதல் மனுப் போட்ட தேதியைப் பொறுத்தது. சேவைக் காலத்திலேயே அந்த மனுவைப் போட்டுவிடலாம். வேலைக்குச் சேரும்போதே மருத்துவமனை எப்போது மனுப் போடும் என்று கேட்டு, அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

மருத்துவமனை ஏற்பாடு செய்யும் வழக்கறிஞர் முதலில் பார்ப்பது மருத்துவமனையின் நலனைத்தான். உங்கள் நலனைப் பார்க்க, உங்கள் செலவில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரை அமர்த்தி, கையெழுத்துக்கு முன்பு ஒருமுறையாவது ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். இத்தனை ஆண்டு படிப்புக்குச் செய்த செலவோடு பார்த்தால் அது சிறு தொகைதான்.