மேலே காட்டுக்குக் காவல்... கீழே நமக்குச் சோறு!

தேக்கடி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? படகுச் சவாரி, கரையில் தண்ணீர் குடிக்க வரும் யானைக்கூட்டம், திரும்பும்போது குமுளி கடைவீதியில் ஏலக்காய், மிளகு, நேந்திரங்காய் சிப்ஸ். அவ்வளவுதான். கம்பம், கூடலூர் பக்கத்துப் பெண்களான எங்களுக்கு அது லோயர்கேம்ப் தாண்டி மலையேறினால் வந்துவிடுகிற ஊர். விருந்தாளி வந்தால் கூட்டிப் போவோம். குரங்கு கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். பிள்ளைகள் சிரிக்கும். சாயந்திரம் வீடு வந்து சேர்ந்துவிடுவோம்.

அந்தக் காட்டை யார் காக்கிறார்கள் என்று ஒருநாளாவது யோசித்திருக்கிறோமா? "சர்க்கார் இருக்கு, கார்டு இருக்காரு" என்றுதான் நினைப்போம். விசாரித்தால் வேறு கதை வருகிறது, சகோதரிகளே. அதில் நம்மைப் போலவே அடுப்பும் பிள்ளையுமாக இருக்கிற பெண்களும் வருகிறார்கள், ஒரு காலத்தில் காட்டையே வெட்டித் திருடியவர்களும் வருகிறார்கள்.

முதலில் நமக்கும் அந்தக் காட்டுக்கும் உள்ள பந்தத்தைச் சொல்லிவிடுகிறேன். 1895-ல் பென்னிகுவிக் துரை கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர்கேம்புக்கு இறங்குகிறது. அங்கே மின்சாரம் எடுத்த பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் சுமார் 14,700 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்ந்து, வைகை அணைக்குப் போய், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் போகிறது. அணைக்கு நீர் சேர்கிற காடு பெரும்பாலும் கேரளத்தின் பெரியார் புலிகள் காப்பகத்துக்குள்ளேதான் இருக்கிறது. மழை எங்கும்தான் பெய்கிறது. ஆனால் காடு இருக்கிற மலையில் பெய்த மழை, சருகிலும் வேரிலும் இறங்கி, மாசக்கணக்கில் கசிந்து கசிந்து ஓடையாக வரும். காடு போன மலையில் பெய்தால் ஒரே நாளில் செம்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிப் போகும். ஓடுகிற மண்ணெல்லாம் அணைக்குள்ளேதான் படியும்.

அணை கட்டிய துரைக்கு நாங்கள் செய்கிற மரியாதை உங்களுக்குத் தெரியும். பாலார்பட்டிக்காரர்கள் அவர் பிறந்த நாளான ஜனவரி 15-ல் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்பில் 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். பிள்ளைக்கு அவர் பெயரை வைத்த குடும்பங்களும் உண்டு. செய்ய வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அணைக்கு மேலே காட்டைக் காப்பவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாதே!

தேக்கடி வனம் இன்று நேற்று வந்ததல்ல. 1934-லேயே வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்து சரணாலயம் ஆயிற்று. 1978-ல் புலிகள் காப்பகம். இப்போது மொத்தம் 925 சதுர கிலோமீட்டர். இத்தனை பெரிய காட்டை நாலு காவலர் சுற்றி வந்தால் ஆகுமா? ஓரத்து ஊர்களிலிருந்து விறகுக்குப் போகிறவர், மாடு மேய்க்கிறவர், புல் அறுப்பவர் என்று தினமும் ஜனம் உள்ளே போய் வந்துகொண்டுதான் இருந்தது. காவலர் விரட்டுவதும் கேஸ் போடுவதும், இவர்கள் ஒளிவதுமாகவே வருஷங்கள் போயின.

இதில் வயணா பட்டைக்காரர்கள் கதை ஒன்று இருக்கிறது. வயணா என்பது காட்டு இலவங்க ஜாதி மரம். அதன் பட்டையை உரித்து விற்பார்கள். கடையில் இலவங்கப்பட்டை என்று நாம் வாங்குவதில், மெல்லியதாகச் சுருள் சுருளாக இல்லாமல் தடித்துக் கரடுமுரடாகச் சில துண்டுகள் வரும், பார்த்திருப்பீர்கள். அதில் இந்த மாதிரிக் காட்டுப்பட்டையும் கலந்து வருவதுண்டு. மரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டால் அது நின்ற நிலையிலேயே பட்டுப்போகும். இதற்காகக் குமுளிப் பக்கத்து ஆட்கள் நாள்கணக்கில் காட்டிலேயே தங்குவார்கள். காட்டின் சந்துபொந்தெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பிடிபட்டால் கேஸ், கோர்ட், வக்கீல் ஃபீஸ். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி. லாபம் எல்லாம் சரக்கு வாங்குகிற வியாபாரிக்கு.

1996-ல் உலக வங்கி உதவியோடு ஒரு திட்டம் பெரியாருக்கு வந்தது. காட்டை நம்பிப் பிழைப்பவரை விரட்டாமல், காட்டைக் காப்பதிலேயே அவருக்குப் பிழைப்புக் கொடுப்பது என்பதுதான் அதன் சாரம். ஊர் ஊராகக் குழுக்கள் அமைத்தார்கள். 'ஈ.டி.ஸி.' என்று குமுளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1998-ல் பட்டை உரித்துக்கொண்டிருந்த 23 பேர் அந்தத் தொழிலை விட்டுவிட்டு ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். குழுவின் பெயரே 'முன்னாள் வயணா பட்டை சேகரிப்பவர்கள்' என்றுதான்! பழசை மறைக்கவே இல்லை பாருங்கள். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது.

அவர்களுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? வெளியூர்ப் பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய், கூடாரம் போட்டு, சமைத்துக் கொடுத்து, பத்திரமாகத் திருப்பி அழைத்து வருவது. அப்படியே ரோந்தும் ஆயிற்று. எந்த வழியாகத் திருடன் வருவான், எங்கே படுப்பான் என்பது இவர்களுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? இவர்கள் கொடுத்த துப்பில் வேறு பல கள்ள வேட்டைக்காரர்கள் பிடிபட்டார்கள்.

மலைஜாதி மக்களான மன்னான், பளியர் குடும்பங்களின் மிளகுக் கதையும் நம் வீட்டுக் கதை போலத்தான். காய்க்கும் முன்பே வியாபாரியிடம் கைநீட்டிக் கடன் வாங்கிவிடுவார்கள். அப்புறம் காய்த்ததெல்லாம் அவன் சொன்ன விலைக்கு அவனுக்கே. குழு வந்தபின் அந்தக் கடனை அடைத்து, மிளகைத் தாங்களே சேர்ந்து விற்க வழி செய்தார்கள். கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கி, வட்டியையே கட்டிக்கொண்டிருக்கும் நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

சரி, பெண்களுக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காட்டில் சந்தன மரங்கள் உண்டு. சந்தனத் திருட்டு மற்றத் திருட்டு மாதிரி இல்லை. கிளையை வெட்டினால் மறுபடி தழைக்கும். இவனோ வேரில்தான் எண்ணெய் அதிகம் என்று வேரோடு தோண்டிப் போவான். 2002-ல் குமுளி சுற்றுவட்டாரத்து ஈ.டி.ஸி. குடும்பங்களைச் சேர்ந்த நூறு பெண்கள் போலச் சேர்ந்து, 'நாங்கள் காவல் போகிறோம்' என்று கிளம்பினார்கள். 'வசந்த சேனா' என்று பெயர். முறை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஐந்தாறு பேராகக் காட்டுக்குள் நடப்பார்கள். காலையில் சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத்தான் புறப்பாடு. கையில் துப்பாக்கி கிடையாது. யானையும் காட்டுமாடும் திரிகிற இடம். மழைக்காலத்தில் அட்டை காலில் ஏறி ரத்தம் குடிக்கும். மரம் நிற்கிறதா, புதிதாகக் காலடித் தடம் தெரிகிறதா, யாராவது தீ வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போவார்கள். பயணிகள் எறிந்த பிளாஸ்டிக் குப்பையையும் பொறுக்கி வருவார்கள்.

இதற்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. கூலி வாங்காத காவல்.

இதைத் தெரிந்துகொண்டபோது முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் கொஞ்சம் உறுத்தியது. காட்டுக்குள் பயணிகளைக் கூட்டிப்போகிற ஆண்களுக்கு வருமானம் உண்டு. சந்தோஷம். அதே காட்டில் நடக்கிற பெண் செய்வது மட்டும் 'தொண்டு' ஆகிவிடுகிறது. வீட்டில் நாம் செய்கிற வேலையும் அப்படித்தானே? மாசச் சம்பளத்தில் ஒரு வரியும் அதற்கு இல்லை. இஷ்டப்பட்டு வந்தார்கள், காட்டினால் தங்கள் குடும்பம் நிமிர்ந்ததற்கு நன்றியாகச் செய்கிறார்கள் என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். கூலி கொடுத்திருந்தால் பணம் நின்ற அன்றைக்கே காவலும் நின்றிருக்கும் என்பாரும் உண்டு. இருக்கலாம். ஆனாலும், நாள் முழுக்க மலையேறி இறங்குகிற பெண்ணுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் வண்டிச் செலவுக்குமாவது யாராவது கணக்குப் பார்க்க வேண்டாமா என்பது என் கட்சி. அவர்கள் காக்கிற தண்ணீரில்தான் எங்கள் வயலில் நாற்று நிற்கிறது. எங்களிடமிருந்தாவது போக வேண்டாமா?

எந்தத் திட்டமும் பணம் தீர்ந்ததும் படுத்துவிடும் என்று நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். பெரியாரிலும் 2004-ல் உலக வங்கித் திட்டம் முடிந்தது. அப்போது, சேர்ந்த குழுக்கள் கலைந்துவிடாமல் இருக்கக் கேரள அரசு 'பெரியார் பவுண்டேஷன்' என்று ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தியது. லாபத்துக்கு நடத்துவதில்லை. வருகிற பயணிகளிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு இதற்கு வரும். அதிலிருந்து குழுக்களுக்கு உதவி, காடு பற்றிய ஆராய்ச்சி, பள்ளிப் பிள்ளைகளுக்கு முகாம் எல்லாம் நடக்கும். இது நன்றாக இருக்கிறதே என்றுதானோ என்னவோ, 2006-ல் திருத்திய வனவிலங்குச் சட்டத்திலேயே, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் இப்படி ஓர் அறக்கட்டளை வேண்டும் என்று எழுதிவிட்டார்கள்.

அதனால் விஷயம் நம் வாசலுக்கும் வந்துவிட்டது. பள்ளத்தாக்குக்குக் கிழக்கே இருக்கிற மேகமலை 2009-ல் சரணாலயமாகி, 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆகியிருக்கிறது. வைகை பிறக்கும் வருசநாட்டு மலைக்காடும் அதோடு சேர்ந்தது. இந்தப் பக்கம் நடந்தது வேறு மாதிரி. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்க்கக் கூடாது என்று 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. தேனி மாவட்டத்து மலைமாடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்கு ஓட்டிப் போய் மேய்த்தவர்களுக்கு அடிவயிற்றில் இடி. கட்டிப்போட்டுத் தீனி வாங்கிப் போட்டு வளர்க்கிற மாடா அது? காட்டுக்கு மேய்ச்சலால் கெடுதல் உண்டு என்பதும் பொய்யில்லை. மந்தைக்காரருக்கு வழி இல்லாமல் போனால் நாளைக்கு அவர் காட்டுக்கு எதிரியாகத்தான் நிற்பார் என்பதும் பொய்யில்லை. பட்டை உரித்தவரையே காவலுக்கு வைத்த ஊர் இருபது மைல் தள்ளி இருக்கும்போது, ஒவ்வொரு பாறையும் ஊற்றும் தெரிந்த மாட்டுக்காரரையும், சுள்ளி பொறுக்கப் போகிற பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து ஏன் பேசக்கூடாது?

அடுத்த லீவில் தேக்கடி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படகோடு திரும்பிவிடாதீர்கள். குழுவினர் கூட்டிப்போகும் காட்டு நடை இருக்கிறது, மூங்கில் தெப்பப் பயணம் இருக்கிறது. நீங்கள் கட்டுகிற பணம் அந்தக் குடும்பங்களுக்குப் போய்ச் சேரும். சின்ன நடை மூன்று மணி நேரம் பிடிக்கும். தெப்பம் என்றால் ஒரு பகல் முழுக்க ஆகும், கைக்குழந்தையோடு கிளம்ப வேண்டாம். பச்சை, காக்கி மாதிரி மங்கலான நிறத்தில் உடுத்திக்கொள்ளுங்கள். புடைவையை விடச் சுடிதார் தேவலை. மல்லிகைச்சரம், சென்ட் இரண்டும் வேண்டாம். அட்டைக்குத் துணிக் காலுறை போட்டுக்கொண்டால் போதும், அதற்கு மேல் ஏறினால் கொஞ்சம் உப்பு வைத்தால் விழுந்துவிடும். பிஸ்கட் காகிதத்தை மட்டும் மறக்காமல் பைக்குள்ளே போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். அங்கே குனிந்து பொறுக்குகிறவளும் காலையில் நாலு பேருக்குச் சமைத்துவிட்டு வந்தவள்தான்.