மருந்தடிப்பவரின் சிறுநீரகம்: யார் நிரூபிப்பது?

திருக்கோவில் வட்டைகளில் கூலிக்குப் பூச்சி, களை மருந்தடிப்பவர் முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து வெறுங்காலோடு சேற்றில் நடக்கிறார். தாங்கி கசிந்தால் சட்டையின் பின்பக்கம் ஊறிவிடும். அதைக் கழற்றாமலே அடுத்த வயலுக்கும் இறங்குவார். இப்படி இருபது வருடம் போனபின் உடல் கெட்டால், வேலையால்தான் கெட்டது என்று அவர் எப்படி நிரூபிப்பார்?

மதவாச்சி, பதவியாப் பகுதி விவசாயிகளிடம் 1990களில் ஒரு சிறுநீரக நோய் தெரியவந்தது. நீரிழிவும் இல்லை, பிரஷரும் இல்லை. ஆனாலும் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகிறது. நம் அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டியவிலும் நோயாளிகள் உண்டு. விவசாய இரசாயனம், கிணற்றுநீரின் புளோரைடு, வெயிலில் நீர் வற்றுவது எனப் பலவற்றின் மேல் சந்தேகம் இருக்கிறது. எதுவும் இன்னும் முடிவாகவில்லை. இந்தச் சந்தேகத்தால் கிளைபோசேட் களைநாசினியை 2015இல் தடைசெய்த அரசு, பின்னர் அந்தத் தடையைத் தளர்த்தியது.

வியட்நாம் போரில் ஏஜென்ட் ஒரேஞ்ச் களைநாசினி பட்ட அமெரிக்கச் சிப்பாய்களும் யார் நிரூபிப்பது என்ற இதே கேள்வியில் சிக்கித் தவித்தார்கள். அமெரிக்காவின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் நிரூபிக்கும் சுமையை அவர்களிடமிருந்து இறக்கிவைத்தது. வியட்நாமில் பணியாற்றியவருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ளப்படும். ஈராக், ஆப்கானிஸ்தானில் குப்பை எரித்த குழிகளின் புகையைச் சுவாசித்த சிப்பாய்களுக்கும் 2022இல் இன்னொரு சட்டம் இதே வழியைத் திறந்தது. சோறு போடும் விவசாயிக்கும் இந்த நியாயம் கிடைக்க வேண்டும். காரணத்தைத் தேடுவது அரசின் வேலை, நோயாளியின் வேலையல்ல.

அதுவரை நாம் செய்யக்கூடியது இருக்கிறது. இந்தச் சிறுநீரக நோய் ஆரம்பத்தில் வலிக்காது. கால் வீங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை வருடம் மருந்தடித்தீர்கள், என்னென்ன மருந்து, எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தீர்கள் என்பதை டொக்டரிடம் சொல்லி, கிளினிக் கொப்பியில் எழுதிவைக்கக் கேளுங்கள். நாளைக்கு உரிமை கேட்க அந்த எழுத்து உதவும்.

இன்னொன்று: மருந்தடித்த அன்று இரவு உடம்பு நோகிறது என்று பார்மசியில் டைக்ளோஃபெனாக் வலிமாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரையே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். வயலுக்குப் போகும்போது குடிக்கத் தண்ணீரும் மாற்றுச் சட்டையும் கொண்டுபோங்கள்.