இரத்தக் கொதிப்புக்கு ஏன் இரண்டு மருந்து?

"ஒரு மருந்து போதாதா, எதுக்கு ரெண்டு?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான்.

அம்லோடிபின் இரத்தக் குழாயைத் தளர்த்தும். பெரிண்டோபிரில், குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாவதைக் குறைக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். ஒரு வழியை அடைத்தால் உடம்பு வேறு வழியில் அழுத்தத்தை ஏற்றப் பார்க்கும். இரண்டு வழியையும் அடைத்தால், மருந்தின் அளவைக் கூட்டாமலே கொதிப்பு இறங்கும். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் இரு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

கூலிமோ சுங்கைப் பட்டாணியோ, வெயிலில் செம்பனைக் குலை வெட்டும்போது தலை சுத்தினால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் பெரிண்டோபிரில் சாப்பிடக்கூடாது. டாக்டர் வேறு மருந்து தருவார். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். பக்கவாதம் சொல்லிக்கொண்டு வராது!